ஹெரிடேஜ் 130பி தொலைநோக்கி: பக்கத்துக் கோள்களில் ஆள் தேடுபவர்களுக்கு ஒரு கொழும்பு மதிப்பீடு

தொலைநோக்கி வாங்கப் போகிற பலருக்கு உள்ளே ஓடுகிற கேள்வி ஒன்றுதான்: பக்கத்துக் கோள்களில் நம்மைப் போல யோசிக்கிற உயிர் ஏதாவது இருக்குமா? கடைக்காரரிடம் அதைக் கேட்கக் கூச்சப்பட்டு, “நிலாவை வடிவாகப் பார்க்கலாமா?” என்று கேட்டுவிட்டு ஏதோ ஒரு பெட்டியை வாங்கி வந்துவிடுவார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. நல்ல கருவிகளைக் கட்டியவர்களில் பலர் அதே கேள்விக்காகவே கட்டினார்கள். ஸ்கைவோச்சர் ஹெரிடேஜ் 130பி என்ற மேசைத் தொலைநோக்கியை அந்தக் கேள்வியோடு வருபவருக்காக, அதுவும் கொழும்புத் தொடர்மாடி ஒன்றின் பல்கனியிலோ மொட்டைமாடியிலோ வைத்துப் பார்க்கப் போகிறவருக்காக, இங்கே எடைபோடுகிறோம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாங்கலாம். ஆனால் பெட்டியில் வருவதை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் பாதிதான் கிடைக்கும்.

பெட்டியில் இருப்பவை: 130 மி.மீ. விட்டமுள்ள பரவளைவுக் கண்ணாடி, 650 மி.மீ. குவியத்தூரம், மடக்கி நீட்டக்கூடிய குழாய், சுழலும் மரப்பலகை அடித்தளம், 25 மி.மீ., 10 மி.மீ. என இரண்டு ஐபீஸ்கள் (கண் வைத்துப் பார்க்கும் சிறு வில்லைகள்), சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்ப்பான். மொத்த எடை ஆறு கிலோ சொச்சம். மின்சாரமோ மோட்டாரோ இல்லை. குவியத்தூரத்தை ஐபீஸின் எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும்: 25 மி.மீ. வில்லையில் 26 மடங்கு, 10 மி.மீ. வில்லையில் 65 மடங்கு. கோள்களுக்கு 65 போதாது. 5 மி.மீ. ஐபீஸ் ஒன்றையோ ஐபீஸின் உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் நல்ல 2 மடங்கு பார்லோ வில்லை ஒன்றையோ சேர்த்து வாங்குங்கள். 130 மடங்கு கிடைக்கும். காற்று அசையாத இரவுகளுக்கு 3.2 மி.மீ. ஒன்று இருந்தால் 203 மடங்கு வரை போகலாம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். கண்ணாடியின் மில்லிமீற்றர் கணக்கை இரண்டால் பெருக்கினால் வருவதே உச்ச வரம்பு. அதுவும் அரிதான இரவுகளில்தான். விளையாட்டுச் சாமான் கடைகளில் 60 மி.மீ. வில்லைக் குழாயின் பெட்டியில் “525 மடங்கு” என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த வில்லையின் வரம்பு 120. மிச்சமெல்லாம் மங்கலைப் பெருப்பித்துக் காட்டுவது. பிள்ளைக்கு வானத்தின் மேல் இருந்த ஆசை ஒரே இரவில் செத்துப்போவதற்கு அந்தப் பெட்டிகள்தான் பெரும்பாலும் காரணம்.

கொழும்புக்கு ஒரு பெரிய வரமும் ஒரு பெரிய சாபமும் உண்டு. வரம் நமது அட்சரேகை. 6.9 பாகை வடக்கில் இருப்பதால் எந்தக் கோளும் இங்கே உச்சம் தொடும்போது 55 பாகைக்குக் கீழே இருப்பதில்லை. லண்டனில் இருப்பவர் வியாழனையும் சனியையும் சில வருடங்களில் 15 பாகை உயரத்தில், அடிவானப் புழுதிக்குள் தேட வேண்டியிருக்கும். நமக்கு அவை தலைக்கு மேல். காலி வீதி விளக்குகள் எவ்வளவு எரிந்தாலும் கோள்களுக்குப் பாதிப்பில்லை. அவை அவ்வளவு பிரகாசமானவை. சாபம் ஈரப்பதம். அதைப் பிறகு சொல்கிறோம், ஏனென்றால் இந்தக் கருவியைக் கொல்லப் போவது அதுதான்.

முதல் வேலை வைக்கும் இடம். மேசைத் தொலைநோக்கி என்பதற்காகச் சாப்பாட்டு மேசையில் வைத்தால் ஐபீஸ் மூக்குக்கு மேலே போய்விடும். பிளாஸ்டிக் கதிரை வளையும். 130 மடங்கில் கோள் துள்ளிக்கொண்டே இருக்கும். முழங்கால் உயரத்தில், அசையாத மூன்று கால் மரமுக்காலி ஒன்று சரியாக இருக்கும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் சீமெந்துத் திட்டு அதைவிட நல்லது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்கரையோரமாக இருப்பவர்கள் ரயில் போகும்போது ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ள வேண்டும். கீழ்வீட்டு ஏசியின் வெளிப்பெட்டிக்கு மேலாகப் பார்க்கவே கூடாது. அதிலிருந்து எழும் சூடான காற்றுக்குள் வியாழன் கொதிக்கிற தண்ணீரின் அடியில் கிடக்கிற காசு போலத் தெரியும். பகலெல்லாம் வெயில் குடித்த சீமெந்துத் தளமும் இரவு ஒன்பது மணி வரை அதையே செய்கிறது. தாமதமாகப் பார்ப்பவர்களுக்கே நல்ல காட்சி.

இரண்டாவது, கறுப்புத் தாள். இந்த மாதிரியில் குழாயின் நடுப்பகுதி திறந்தது. இரண்டு கம்பிகள்தான் முன்வளையத்தைத் தாங்குகின்றன. எதிர்மாடி விளக்கு நேரே உள்ளே விழுந்து காட்சியை வெளுக்கச் செய்யும். புத்தகக் கடையில் கிடைக்கும் கறுப்பு ஃபோம் தாளைக் குழாயின் சுற்றளவுக்கு 2 செ.மீ. கூட்டி வெட்டிச் சுற்றி ஒட்டுங்கள். தாள் உட்பக்கம் மடிந்து ஒளிப்பாதையை மறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குவியம் திருத்தும் பகுதி திருகுமரை வகை. கொஞ்சம் ஆட்டம் இருக்கும், கனமான ஐபீஸ் போட்டால் கூடுதலாக ஆடும். குழாய் வேலைக்குப் பாவிக்கும் வெள்ளை டெஃப்லான் நாடாவை மரையில் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஆட்டம் நின்றுவிடும்.

மூன்றாவது, கண்ணாடிகளை நேர்ப்படுத்துவது. இதைச் செய்யாமல் பார்ப்பவர்கள் கருவி கூடாது என்று விற்றுவிடுகிறார்கள். நடுவே 2 மி.மீ. துளை போட்ட ஒரு மூடியை ஐபீஸ் இடத்தில் பொருத்திப் பகலில் பாருங்கள். முன்வளையத்துச் சிறு கண்ணாடியின் மூன்று சிறு திருகாணிகளைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல், அடியிலுள்ள பெரிய கண்ணாடி முழுதும் அதற்குள் தெரியும்படி கொண்டுவாருங்கள். பிறகு குழாயின் அடிப்பக்கத் திருகாணிகளால், பெரிய கண்ணாடியின் நடு அடையாளம் உங்கள் துளையின் பிம்பத்தோடு பொருந்தும்வரை திருத்துங்கள். இரவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைக் குவியத்திலிருந்து சற்று விலக்கிப் பார்த்தால் வட்டத்துக்குள் வட்டமாக ஒரே மையத்தில் தெரிய வேண்டும். ஒருபக்கம் சாய்ந்திருந்தால் மறுபடியும் அடித் திருகாணி. மாடிப்படியில் தூக்கி ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவைக்குப் பின்னும் ஒரு நோட்டம் பார்ப்பது நல்லது.

இனிச் செவ்வாய். 2027 பெப்ரவரி 19-ஆம் திகதி பூமி சூரியனுக்கும் செவ்வாய்க்கும் நடுவே வருகிறது. கொழும்புக்கு அது வறண்ட காலம், வானம் திறந்திருக்கும் வாய்ப்பு அதிகம். ஒரு பாகையை 3600 கூறாக்கினால் அவற்றில் 13.8 கூறு அளவே அப்போது செவ்வாயின் விட்டம். 130 மடங்கில் அது வெறுங்கண்ணுக்கு முழுநிலா தெரியும் அளவுக்கு வரும். வடதுருவத்தின் வெள்ளைத் தொப்பி, சேர்ட்டிஸ் மேஜர் என்ற கரும்பகுதி, ஓரங்களில் மெல்லிய முகில் வெளுப்பு: இவ்வளவும் இந்தக் கருவிக்கு எட்டும். செவ்வாய் தன்னைத்தானே சுற்ற 24 மணி 37 நிமிடம் எடுப்பதால், தினமும் ஒரே மணிக்குப் பார்த்தால் சுமார் 9 பாகை பின்தங்கிய முகத்தைக் காண்பீர்கள்; ஐந்தாறு வாரத்தில் முழுக்கோளமும் ஒரு சுற்று வந்துவிடும். ஒன்று கவனம்: நள்ளிரவு தாண்டி அது 80 பாகைக்கு மேலே ஏறிவிடும். இந்த வகை அடித்தளத்தில் நேர் உச்சியைப் பார்க்கும்போது குழாயைப் பக்கவாட்டில் திருப்பப் பிடிமானம் இருக்காது. இரவு பத்து, பத்தரைக்கு, 55 முதல் 60 பாகையில் இருக்கும்போது பார்த்துவிடுங்கள். மோட்டார் இல்லாததால் ஒன்றரை நிமிடத்தில் கோள் காட்சியை விட்டு ஓடிவிடும். ஓரத்தில் வைத்து, அது நடுவைக் கடந்து போகும் நேரத்தில் கையை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

130 மி.மீ. கண்ணாடி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி, அந்தத் தூரத்தில், செவ்வாயின் தரையில் சுமார் 440 கி.மீ. பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை முழு இலங்கையின் நீளமும் அங்கே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குள் ஒரு நகரம் இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு, செவ்வாயில் நாகரிகம் உண்டு என்று ஒரு தலைமுறையே நம்பியதன் காரணம் தன் கண்ணாலேயே விளங்கும்.

1877-இல் மிலானில் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி 22 செ.மீ. வில்லைத் தொலைநோக்கியால் செவ்வாயில் கோடுகளைக் கண்டு வரைந்தார். 1894-இல் பேர்சிவல் லோவெல் அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃபில் ஆய்வகமே கட்டி, அவை வறண்டு போகும் உலகமொன்று துருவப் பனியிலிருந்து தண்ணீர் கொண்டுவர வெட்டிய கால்வாய்கள் என்று எழுதினார். அவருடைய பெரிய தொலைநோக்கியின் வில்லை 61 செ.மீ. கருவி சிறியது என்று சொல்ல முடியாது. பிசகியது வேறொன்று. தெளிவின் எல்லையில் இருக்கும் சிறு புள்ளிகளைக் கண்ணும் மூளையும் சேர்ந்து கோடாக இணைத்துவிடும். 1903-இல் வானியலாளர் மோண்டரும் பாடசாலை ஆசிரியர் எவன்ஸும் கிரீனிச்சில் பாடசாலை மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். கால்வாயே இல்லாத, ஒழுங்கற்ற புள்ளிகள் மட்டுமுள்ள படம் ஒன்றைத் தூக்கி வைத்து வரையச் சொன்னார்கள். கிட்ட இருந்தவர்கள் புள்ளிகளை வரைந்தார்கள். சற்றுத் தள்ளி இருந்தவர்களில் பலர் நேர்கோடுகள் வரைந்தார்கள். 1909-இல் வானியலாளர் அந்தோனியாடி பாரிசுக்கு அருகே மெடோனில் 83 செ.மீ. தொலைநோக்கியால், காற்று அசையாத ஓர் இரவில் பார்த்தபோது கோடுகள் கலைந்து திட்டுத் திட்டாகத் தெரிந்தன.

ஆகவே முக்காலியும் ஏசிக் காற்றும் கண்ணாடித் திருகாணியும் சின்னச் சாமான்கள் அல்ல. காட்சி கலங்கக் கலங்கக் கற்பனை உள்ளே நுழையும். லோவெல் வெள்ளியிலும் சக்கரத்தின் ஆரக்கால் போன்ற கோடுகளை வரைந்தார். தொலைநோக்கியின் முன்துவாரத்தைக் குறுக்கி வைத்துப் பார்த்ததால் தன் விழித்திரையின் இரத்தக் குழாய்களின் நிழலையே கண்டிருக்கலாம் என்பது பின்னாளில் சொல்லப்பட்ட நம்பத்தக்க விளக்கம். இந்தத் தொலைநோக்கியில் 3.2 மி.மீ. ஐபீஸ் போட்டால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றை 0.64 மி.மீ. அளவுக்கு ஒடுங்கும். கண்ணுக்குள் மிதக்கும் தூசுகளும் நூல்களும் அப்போது கோளின் மேல் ஊர்வது போலத் தெரியும். கோளோடு சேர்ந்து நகராமல் உங்கள் கண்ணோடு சேர்ந்து நகருவது எதுவோ அது உங்கள் கண்ணுக்குள் இருப்பது. சந்தேகமானால் 130 மடங்குக்கு இறங்கிப் பாருங்கள்.

செவ்வாயில் ஆள் இல்லை என்ற முடிவை விண்கலங்கள் உறுதி செய்துவிட்டன. 1965 ஜூலையில் மரினர் 4 கிட்டப் போய் எடுத்த படங்களில் பள்ளங்கள்தான் இருந்தன. காற்றழுத்தம் பூமியில் உள்ளதின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 2006 முதல் செவ்வாயைச் சுற்றிவரும் ஹைரைஸ் கமரா நாம் அனுப்பிய ஊர்திகளையே மேலிருந்து படம் பிடிக்கிறது; அந்தக் கண்ணுக்கு ஒரு கட்டடம் தப்பாது. ஆனால் நுண்ணுயிர் பற்றிய கேள்வி திறந்தே கிடக்கிறது. 2024-இல் பெர்சிவரன்ஸ் ஊர்தி ஜெசெரோ பள்ளத்தில் சிறுத்தைப் புள்ளி போன்ற அடையாளங்கள் கொண்ட பாறையொன்றைத் துளைத்து மாதிரி எடுத்தது. பழைய நுண்ணுயிர்கள் விட்டுப்போன தடமாக இருக்கக்கூடும் என்று 2025-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. உயிரில்லாத வேதியியலாலும் அது வரலாம். புத்திசாலி உயிர் என்பது இதற்கு வெகு தூரத்தில் உள்ள விடயம். பூமியிலேயே உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுகளுக்கு மேல். விலங்குகள் வந்து ஏறத்தாழ 60 கோடி. வானொலி அலை அனுப்பத் தெரிந்தவர்கள் வந்து நூற்றைம்பது ஆண்டுகூட ஆகவில்லை. பக்கத்து வீட்டில் உயிர் இருந்தாலும் அது பாசியாகவோ பற்றீரியாவாகவோ இருக்கும் என்று எதிர்பார்ப்பதே நியாயம்.

வெள்ளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிறையாகவும் அரைவட்டமாகவும் வளர்வது 65 மடங்கிலேயே அழகாகத் தெரியும். மேற்பரப்பு தெரியாது, முகில்தான். அதன் கீழே 460 பாகை செல்சியஸ் வெப்பம், பூமியின் 90 மடங்கு அழுத்தம். 1982-இல் இறங்கிய சோவியத் கலம் வெனேரா 13 தரையில் 127 நிமிடம் தாக்குப்பிடித்தது. 2020-இல் முகிலுக்குள், பூமியில் நுண்ணுயிர்களோடு தொடர்புடைய பொஸ்பீன் வாயு கண்டதாக வந்த செய்தி இன்னும் சர்ச்சையில் இருக்கிறது. காலிமுகத் திடலில் மாலை வானத்தைப் பார்த்துப் பறக்கும் தட்டு என்று பலர் விரல் நீட்டுவது இந்த வெள்ளியைத்தான். மிச்சம் கட்டுநாயக்கவுக்கு இறங்கும் விமானமும், வரிசையாகப் போகும் ஸ்டார்லிங்க் செய்மதிகளும், விளக்குக் கட்டிய பட்டங்களும். 26 மடங்கில் ஒரு நிமிடம் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும். இந்த ஒரு பயனுக்காகவே பாடசாலைகள் இதை வாங்கலாம்.

வியாழனில்தான் இந்தக் கருவி தன் விலைக்கு மேல் உழைக்கிறது. இரண்டு இருண்ட பட்டைகள் 65 மடங்கிலேயே வரும். நான்கு பெரிய நிலாக்களும் ஒரே கோட்டில் நிற்கும். அவற்றுள் யூரோப்பா வெறும் ஒளிப்புள்ளிதான். ஆனால் அதன் பனி ஓட்டுக்குக் கீழே பூமியின் எல்லாக் கடல்களையும் சேர்த்தாலும் அதைவிட இரண்டு மடங்குக்குத் தண்ணீர் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். 2024 ஒக்டோபர் 14-இல் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030-இல் அங்கே சேர்கிறது. எந்தப் புள்ளி யூரோப்பா என்று ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலியில் நேரத்தைப் போட்டுப் பாருங்கள். இந்த வகைத் தொலைநோக்கி தலைகீழாகக் காட்டும் என்பதால் செயலியிலும் படத்தைத் திருப்பிவிட வேண்டும். இதை மறந்து தவறான நிலாவைச் சுட்டிக்காட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

சனியின் வளையத்துக்கு 65 போதும், 130 திருப்தி. டைட்டன் கொழும்பு வானத்திலும் கிடைத்துவிடும். 2005 ஜனவரி 14-இல் ஹைகன்ஸ் கலம் இறங்கிய நிலா அது, மீதேன் ஏரிகள் உள்ள, மைனஸ் 179 பாகைக் குளிரில் உறைந்த உலகம். என்செலடஸ் வேறு கதை. உப்புநீரைப் பீச்சியடிக்கும் அந்தச் சிறு நிலாவில், உயிருக்கு வேண்டிய பொஸ்பேற் இருப்பது சனியைச் சுற்றிவந்த கசீனி கலத்தின் தரவுகளிலிருந்து 2023-இல் தெரியவந்தது. சூரியக் குடும்பத்தில் உயிர் தேட ஒரேயொரு இடம் தெரிவு செய்யச் சொன்னால் எங்கள் தெரிவு அதுதான். ஆனால் வளையத்தின் ஒளிக்குப் பக்கத்தில் அவ்வளவு மங்கலான புள்ளியை 130 மி.மீ. கண்ணாடியால் இந்த நகரத்திலிருந்து பிடிப்பது நடக்காத காரியம். அதற்காக வாங்க வேண்டாம்.

யோசிக்கிற உயிரைத் தேடுபவர் கடைசியில் சூரியக் குடும்பத்துக்கு வெளியேதான் போக வேண்டும். இங்கே கொழும்புக்கு இன்னொரு வரம். நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரத் தொகுதியான அல்ஃபா செந்தோரியை ஐரோப்பாவில் இருப்பவர்கள் பார்க்கவே முடியாது. நமக்கு அது தெற்கே 22 பாகை வரை ஏறும். பருவப்பெயர்ச்சி மழை பிடிப்பதற்கு முன், ஏப்ரல் கடைசியில் நள்ளிரவு தாண்டித் தெற்கு திறந்த மாடியிலிருந்து பாருங்கள். 130 மடங்கில் அது இரண்டு நட்சத்திரமாகப் பிரியும். மூன்றாவதான புரொக்சிமா 4.24 ஒளியாண்டு தூரத்தில், இரண்டு பாகைக்குச் சற்று அப்பால் இருக்கிறது; தெஹிவளை, கல்கிசைப் பக்கத்து வெளிச்சத்துக்குள் அதைத் தேடுவது வீண். 2016-இல் அதைச் சுற்றி 11.2 நாளில் ஒரு வலம் வரும், பூமியை ஒத்த நிறையுள்ள கோள் கண்டுபிடிக்கப்பட்டது. தண்ணீர் திரவமாக நிற்கக்கூடிய தூரம்தான். ஆனால் புரொக்சிமா என்ற அந்தச் சிறிய சிவப்பு நட்சத்திரம் அடிக்கடி வெடித்துக் கதிர்வீச்சைக் கொட்டும். காற்று மண்டலம் தங்கியிருக்குமா என்பது பெரிய கேள்வி. 2019-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில் அந்தத் திசையிலிருந்து வந்ததாகத் தோன்றிய சமிக்ஞை மனிதக் கருவிகளின் குறுக்கீடே என்று 2021-இல் முடிவானது. செவ்வாய்க் கால்வாய்க்கு நடந்ததே இங்கும் நடந்தது. வித்தியாசம், இந்த முறை சந்தேகத்தோடு சோதித்தவர்கள் அதைக் கண்ட குழுவினரே. ஆள் தேடும் வேலை இவ்வளவு நேர்மையாக நடப்பது பெரிய சந்தோஷம்.

குறிபார்ப்பானைப் பற்றி ஒரு சொல். சிவப்புப் புள்ளி எதையும் பெருப்பிக்காது. வெறுங்கண்ணுக்கு நட்சத்திரம் தெரிந்தால்தான் அதனால் பிரயோசனம். கோள்களுக்குச் சரி. வேற்றுலகச் சமிக்ஞை தேடி வானியலாளர் ஃபிராங்க் டிரேக் 1960-இல் முதன்முதலாக வானொலியால் செவிசாய்த்த டோ செட்டி, எப்சிலன் எரிடானி போன்ற நட்சத்திரங்களைக் கொழும்பில் தேடினால் வெறுங்கண் கைவிட்டுவிடும். அப்போது 25 மி.மீ. ஐபீஸைப் போட்டு, அதன் இரண்டு பாகைக் காட்சியால் பக்கத்து நட்சத்திரத்திலிருந்து படிப்படியாக நகர வேண்டும்.

இப்போது ஈரப்பதம். பலர் கருவியை ஏசி அறையில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். 22 பாகையில் குளிர்ந்த கண்ணாடியை வெளியே கொண்டுவந்ததும் கொழும்புக் காற்றின் ஈரம் அதன்மேல் உடனே படியும், ஏனென்றால் இங்கே பல இரவுகளில் பனிபடு நிலையே (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24 பாகைக்குக் கிட்ட. ஏசி இல்லாத அறையில் வையுங்கள். பனி படிந்தால் துடைக்க வேண்டாம், முக்கால் மணி நேரம் விட்டால் தானாகப் போகும். பார்த்து முடிந்ததும் உடனே மூடியைப் போட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். குழாயைக் கிடையாக வைத்து ஒரு மணி நேரம் காயவிட்டு, சிலிக்கா ஜெல் பையோடு மூடுங்கள். கடற்கரையோர வீடுகளில் உப்புப் படலம் வரும். வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் கழுவ வேண்டாம்: கண்ணாடியைக் கழற்றி, வடித்த நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, தேய்க்காமல் பஞ்சை அதன் எடையிலேயே இழுத்து, மறுபடியும் வடித்த நீர் ஊற்றிச் சாய்த்துக் காயவிடுங்கள். அலுமினியப் பூச்சு கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கிறது. குளியலறைக் கண்ணாடியைத் துடைப்பது போல ஒரு தடவை துடைத்தாலே கீறல்.

வாங்க முன் மொரட்டுவை கட்டுபெத்தையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தின் 45 செ.மீ. தொலைநோக்கியால் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். பெரிய கண்ணாடியிலும் செவ்வாய் சிறிய ஆரஞ்சு வட்டம்தான் என்று தெரிந்தபின் வாங்குபவர் ஏமாறுவதில்லை. காலியில் பிறந்த சிரில் பொன்னம்பெரும, ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை 1970-இல் காட்டிய குழுவில் ஒருவர். உயிரின் மூலப்பொருள்கள் விண்வெளியில் தாமாகவே உண்டாகின்றன என்பதைச் சொன்ன அந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டே கண்ணை ஐபீஸில் வைக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் விலையோடு கூரியர், சுங்கத் தீர்வை, வற் மூன்றையும் சேர்த்துக் கேட்டுவிட்டே ஓடர் கொடுங்கள். பெட்டியைத் திறந்ததும் குழாயை முழுக்க நீட்டி இரண்டு கம்பிகளும் சம நீளத்தில் பூட்டுகின்றனவா, பெரிய கண்ணாடியில் விரல் அடையாளமோ விளிம்பு உடைவோ உண்டா, அடித்தளம் தடையில்லாமல் சுழல்கிறதா என்று கடைக்காரர் முன்னாலேயே பாருங்கள்.